ஆட்டுக்கொம்பு ஹேண்டில்: ஒரு எம்டிபி பந்தயத் தகராறின் முழு விவரம்

உலு சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் குழு வருடம் ஒருமுறை எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள், பந்தயம் நடத்துகிறது. கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம். செந்தூல், கெப்போங், பத்துமலை, செராஸ் வட்டாரத்து ஆட்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். எண்பது பேர் சேர்ந்துவிட்டால் எங்களுக்கு அது திருவிழா. தடம் போடுவது என் பொறுப்பு. நடுவர் மூவரில் நானும் ஒருவன். சென்ற முறை இரண்டு வேலையிலும் சறுக்கினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்த பையன் ஓட்டியது கிராவல் சைக்கிள், அதாவது மண் பாதைக்காகத் தடித்த டயர் போட்ட சாலைச் சைக்கிள் மாதிரி ஒன்று. அவனை முந்தப் போன எம்டிபிக்காரர் அவனோடு சிக்கி விழுந்து, வீங்கிய மணிக்கட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். உடனே ஆட்சேபம். நாங்கள் கொடுத்த தீர்ப்பு இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. பெயர்கள் வேண்டாம், ஒருவரைக் கெப்போங் தம்பி என்றும் மற்றவரைச் செராஸ்காரர் என்றும் வைத்துக்கொள்கிறேன். தம்பிக்கு 24 வயது, செராஸ்காரருக்கு 38.

தடம்

ஒரு சுற்று 19 கிலோமீட்டர், மொத்தம் இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முதல் 9 கிலோமீட்டர் தோட்டத்துச் செம்மண் பாதை. அப்புறம் 4 கிலோமீட்டர் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை: வேர், ஓடைக் கல், இரண்டு இடத்தில் செங்குத்தான இறக்கம். பிறகு 6 கிலோமீட்டர் மறுபடி செம்மண் பாதை. கூட்டிப் பார்த்தால் 15 கிலோமீட்டர் சாலை, 4 கிலோமீட்டர் காடு. இதைப் போட்டது நான்தான், வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

ஏன் அப்படிப் போட்டேன் என்றால், தோட்ட நிர்வாகம் சுலபமாக அனுமதி தருவது குலை ஏற்றும் லாரிப் பாதைக்குத்தான். காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் பாதை வெட்டிச் சுத்தம் செய்ய ஆறு பேருக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். இன்னொன்று, கட்டணம் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் புதியவர்கள். அவர்களுக்கு அகலமான பாதைதான் பிடிக்கும்.

செம்மண் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. என் அப்பா இதே மாதிரி ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இந்த மண் வெயிலில் சிமெண்டுத் தரை, மழையில் சவர்க்காரக் கட்டி என்பார். பந்தயத்துக்கு முந்தைய ஒன்பது நாட்கள் மழை இல்லை. முந்தைய இரவு ஒரு மணி நேரம் பெய்திருந்தால் கதையே வேறு. ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் இடைவெளி குறைந்த சைக்கிளில் அந்தச் சேறு அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. அன்றைக்கோ பாதை தார் போட்டது போல் இருந்தது.

கோலாலம்பூரில் எம்டிபி பழகியவர்களுக்குப் புக்கிட் கியாராதான் பள்ளிக்கூடம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த குன்று அது. கியாராவில் பழகியவருக்கு எம்டிபி என்றால் வேரும் வளைவும் குறுகலும். செராஸ்காரர் அந்தப் பள்ளியில் படித்தவர். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டுப் பதினைந்து கிலோமீட்டர் லாரிப் பாதையைக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வராதா?

இரண்டு சைக்கிள்கள்

தம்பியினுடையது அலுமினிய கிராவல் சைக்கிள், 45 மில்லிமீட்டர் டயர். சஸ்பென்ஷன் கிடையாது. கீழே வளைந்த ஹேண்டில். எங்கள் பெரியவர்கள் ஆட்டுக்கொம்பு ஹேண்டில் என்பார்கள், அதுவே நல்ல பெயர். கைப்பிடியில் அகலம் 44 சென்டிமீட்டர்.

செராஸ்காரரினுடையது 29 இஞ்ச் சக்கர ஹார்ட்டெயில், அதாவது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத எம்டிபி. முன்னால் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், 2.25 இஞ்ச் டயர், அதாவது சுமார் 57 மில்லிமீட்டர். நேர் ஹேண்டில், அகலம் 74 சென்டிமீட்டர்.

சக்கரத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. 29 இஞ்ச் எம்டிபி ரிம்மும் கிராவல் சைக்கிளின் 700சி ரிம்மும் ஒரே விட்டம்தான், டயர் உட்காரும் இடத்தில் 622 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றதில் பெரும்பாலும் ஏறும். எங்கள் விதித்தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘26, 27.5 அல்லது 29 இஞ்ச் சக்கரம், இரண்டு பிரேக், ஹெல்மெட்.’ டயர் அகலத்தைப் பற்றியோ ஹேண்டிலைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அளவுநாடாவை வைத்துப் பார்த்தால் தம்பியின் சைக்கிள் எங்கள் விதிப்படி 29 இஞ்ச் எம்டிபி!

கெட்டியான சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரை நெருங்கும்போது உங்கள் பலத்தில் பெரும் பங்கைத் தின்பது காற்று. வேகம் கூடக் கூட அதற்குத் தேவைப்படும் பலம் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் பலம் எட்டு மடங்கு. குனிந்து, கைகளை ஒடுக்கி ஓட்டுகிறவன் அங்கே மிச்சம் பிடிக்கிறான். கட்டைப் பல் டயரின் உராய்வும் சேர்ந்தால் எம்டிபிக்காரருக்கு இரட்டை நட்டம். காட்டுக்குள் போனதும் எல்லாம் தலைகீழ். அகன்ற ஹேண்டில் திருப்பிக் கொடுக்கும், சஸ்பென்ஷன் வேரை விழுங்கும், எடையைப் பின்னால் தள்ளிக்கொண்டே பிரேக் பிடிக்கலாம். ஆட்டுக்கொம்பில் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் கீழ் வளைவுக்குக் கையை இறக்க வேண்டும். கை இறங்கினால் நெஞ்சும் முன்னால் போகும். செங்குத்து இறக்கத்தில் அது வயிற்றைக் கலக்கும் வேலை.

அன்று நடந்தது

காட்டு நுழைவாயிலில் என் மச்சான் மகன் நோட்டுப் புத்தகமும் கைப்பேசியுமாக உட்கார்ந்திருந்தான், வெளியேறும் இடத்தில் இன்னொரு பையன். இந்த நேரக் குறிப்புகள் மட்டும் இல்லாதிருந்தால் இன்றைக்கும் வாயால்தான் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

முதல் சுற்று. தம்பி 18 நிமிடம் 12 விநாடியில் காட்டுக்குள் நுழைந்தான். செராஸ்காரர் 19:48. இடைவெளி 96 விநாடி. வெளியே வந்தது இருவரும் ஒன்றாக, 36:42க்கு. அதாவது காட்டுக்குள் பாதி வழியிலேயே செராஸ்காரர் அவனைப் பிடித்துவிட்டார். முந்த இடமில்லை. மிச்சத் தூரம் முழுக்க அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். திறந்த பாதை வந்ததும் தம்பி மறுபடி ஓடிவிட்டான். சுற்று முடியும்போது 64 விநாடி முன்னால்.

இரண்டாம் சுற்றில் நுழைவாயிலில் இடைவெளி 160 விநாடி. செராஸ்காரர் வெறியோடு ஓட்டியிருக்க வேண்டும். காடு முடிய இருநூறு சொச்சம் மீட்டர் இருக்கும்போது எட்டிப் பிடித்தார். அங்கே இரண்டு சைக்கிள் ஒன்றாகப் போகும் அகலம்கூடக் கிடையாது. ‘வலப்பக்கம்!’ என்று கத்தினார். தம்பி இடப்பக்கம் ஒதுங்கினான், ஆனால் வேர் அவனைத் திரும்ப நடுவுக்கே தள்ளியது. நேர் ஹேண்டிலின் நுனி ஆட்டுக்கொம்பின் வளைவுக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது.

இதைக் கவனியுங்கள். நேர் ஹேண்டில் இரண்டு உரசினால் பெரும்பாலும் தட்டி விலகிவிடும். ஆட்டுக்கொம்பிலோ பிரேக் லீவருக்கும் கீழ் வளைவுக்கும் நடுவில் ஒரு வாய் இருக்கிறது. போனது திரும்ப வராது. பிறகு நாங்கள் பார்த்தபோது தம்பியின் ஹேண்டில் நாடா உட்புறம் கிழிந்திருந்தது, செராஸ்காரரின் கைப்பிடி ரப்பர் நுனி காணாமல் போயிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். தம்பி எழுந்து ஓட்டினான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன்; ‘உங்களுக்கு ஒன்னும் இல்லையே?’ என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போனான். செராஸ்காரரே இதைச் சொன்னார்.

ஆட்சேபமும் எங்கள் தீர்ப்பும்

மேசைக்கு வந்த செராஸ்காரர் முதலில் மணிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை.

“அண்ணே, இது எம்டிபி ரேஸா, இல்ல ரோடு ரேஸா? அவன் ரோட்டுல ஓடிப் போயி கதவ மூடிக்கிட்டான். நான் உள்ள நடந்து வரணுமா?”

கதவு என்று அவர் சொன்னதை நான் அன்றைக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முழு விஷயமும் அந்தச் சொல்லில்தான் இருந்தது.

தம்பி விதித்தாளை நீட்டினான். “அங்கள், இதுல எங்க இருக்கு காட்டுங்க. காலையில சைக்கிள செக் பண்ணினது நீங்கதானே?”

ஆமாம், நான்தான். பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு ‘சரி, போ’ என்று விட்டவன் நான்.

நடுவர்கள் மூவரும் செம்பனை நிழலில் உட்கார்ந்து பேசினோம். செந்தூலில் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர், எம்டிபி என்றாலே நேர் ஹேண்டில்தான், கேள்வியே இல்லை என்றார். மூன்றாமவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சைக்கிள் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவர். அவர் சிரித்தார். 1976இல் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் ரீபேக் பந்தயம் தொடங்கியபோது எம்டிபி என்று ஒரு சைக்கிளே இல்லை என்றார். பழைய தடி டயர் சைக்கிள்களைத்தான் மலையிலிருந்து இறக்கினார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்து போகும், திரும்ப அடைக்க வேண்டும். பந்தயத்துக்குப் பெயரே அப்படி வந்ததுதான். 1983 முதல் 1985 வரை அமெரிக்கப் பெண்கள் எம்டிபி பட்டத்தை வென்ற ஜாக்கி ஃபீலன் ஓட்டியது ஆட்டுக்கொம்பு ஹேண்டில். 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலக எம்டிபி போட்டிக்கு அமெரிக்க வீரர் ஜான் டோமாக் வந்ததும் அதே ஹேண்டிலோடுதான், சாலைப் பந்தயத்தில் பழகிய கை மாறக் கூடாது என்பதற்காக. “உன் நேர் ஹேண்டில் சாஸ்திரம் எந்த வருஷத்துல எழுதினது?” என்று பட்டறைக்காரரைக் கேட்டார்.

சரித்திரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கோப்பை கொடுக்க வேண்டும், இரண்டு பக்கத்து ஆட்களும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குத் தோன்றிய வழி இது: தம்பியைத் ‘திறந்த பிரிவு’ முதலிடத்துக்கு மாற்றுவது, எம்டிபி பிரிவில் அடுத்து வந்தவருக்கு முதல் பரிசு. காலையில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. பந்தயம் முடிந்த பிறகு நாங்கள் பிறப்பித்த பிரிவு அது. மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டோம், வாத்தியார் போடவில்லை.

தம்பி ஒன்றும் சொல்லாமல் கோப்பையை வாங்கி, படம் எடுத்தபோது தரையைப் பார்த்தான். செராஸ்காரருக்கும் திருப்தி இல்லை, அவருக்கு எதுவும் கிடைக்கவில்லையே. முதல் பரிசு வாங்கியவர் பாவம், மூன்றாவதாக ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு ஏன் என்று கேட்டுக்கொண்டே வாங்கினார். ஒரே தீர்ப்பில் மூன்று பேரைச் சங்கடப்படுத்திய சாதனை எங்களுடையது.

மறுபடி ஓட்டிப் பார்த்தோம்

ஜாலான் ஈப்போவில் ஒரு மமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை பேசியும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் செராஸ்காரரே சொன்னார்: “பேச்சு போதும் அண்ணே. கை ஆறட்டும். தனித் தனியா ஓட்டிப் பார்த்திடுவோம்.” ஐந்து வாரம் கழித்து, மழையில்லாத ஒரு காலையில், அதே சுற்றை ஒவ்வொருவரும் முன்னால் யாரும் இல்லாமல் ஓட்டினார்கள். நன்றாக ஓய்வெடுத்த பிறகு தம்பி பட்டறைக்காரரின் 29 இஞ்ச் எம்டிபியில் இன்னொரு சுற்று ஓட்டினான்.

செராஸ்காரர்: சாலை 33:00, காடு 15:40, மொத்தம் 48:40.

தம்பி கிராவலில்: சாலை 30:20, காடு 18:30, மொத்தம் 48:50.

தம்பி இரவல் எம்டிபியில்: சாலை 32:10, காடு 16:00, மொத்தம் 48:10.

பட்டறைக்காரர் நோட்டை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். தனியாக ஓட்டினால் செராஸ்காரர்தான் சுற்றுக்குப் 10 விநாடி வேகம். தம்பிக்கேகூட எம்டிபி 40 விநாடி லாபம், அதுவும் பழக்கமில்லாத சைக்கிளில், ஏற்கெனவே ஒரு சுற்று ஓட்டிய காலோடு. அப்படியானால் கிராவல் சைக்கிள் இந்தத் தடத்துக்கு வேகமான சைக்கிளே அல்ல. பிறகு எப்படி ஜெயித்தது?

கதவால் ஜெயித்தது. சாலையில் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினொரு விநாடி மிச்சம் பிடித்து ஒற்றையடிப் பாதையின் வாயிலை முதலில் அடைகிறது. உள்ளே போனதும் கிலோமீட்டருக்கு 42 விநாடி மெதுவாகிறது, ஆனால் பின்னால் வருகிறவரையும் அதே வேகத்துக்கு இழுத்துப் பிடிக்கிறது. முதல் சுற்றில் செராஸ்காரர் அவன் முதுகுக்குப் பின்னால் தொலைத்தது சுமார் 74 விநாடி. அதை எடுத்துவிட்டால் சுற்று முடிவில் அவர்தான் முன்னால் இருந்திருப்பார். தம்பி வேண்டுமென்றே மறிக்கவில்லை. தடமே அப்படி. அகலப் பாதையை முதலில் வைத்து, குறுகல் பாதையை நடுவில் வைத்து, முந்த ஓர் இடமும் வெட்டாமல் விட்ட தடம். என் கைவேலை.

இரண்டு பேர், ஒரு காலை, ஒரு காய்ந்த தடம்: இதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். எங்கள் தோட்டத்துக்கு எழுதலாம்.

அன்று திரும்பும் வழியில் தம்பியிடம் கேட்டேன், எம்டிபி இல்லாமல் ஏன் இதை வாங்கினாய் என்று. தவணையில் வாங்கினானாம். வாரத்தில் ஐந்து நாள் அதில்தான் கெப்போங்கிலிருந்து வேலைக்குப் போகிறான். “ரெண்டு சைக்கிள் வாங்க எனக்கு வசதியில்ல அங்கள். இருக்கிறத எடுத்துக்கிட்டு வந்தேன்.” ஏதோ தந்திரம் செய்து வந்தவன் என்று மேசையைச் சுற்றி நின்றவர்கள் பேசியது நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் முதல் பரிசுப் பணம் 300 வெள்ளியை அவன் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்தோம். திறந்த பிரிவு என்ற கற்பனையை முடிவுத்தாளிலிருந்து அடித்தோம். எம்டிபி பிரிவு முதல் பரிசு வாங்கியவர் தன் கையிலிருந்ததைத் தானாகவே திருப்பித் தந்தார்.

இப்போதைய விதி

கிராவல் சைக்கிள் கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று பட்டறைக்காரர் இன்னமும் சொல்கிறார். அந்த வரி எதையும் பிடிக்காது. அமெரிக்காவில் 1994இலிருந்து நடக்கும் லெட்வில் 100 மைல் எம்டிபி பந்தயத்தில், 2024இல் கீகன் ஸ்வென்சன் ஜெயித்தது ஆட்டுக்கொம்பு பூட்டிய சைக்கிளில். ஆனால் அது கிராவல் சைக்கிள் அல்ல, முன் சஸ்பென்ஷன் உள்ள எம்டிபி. தடத்தின் பெரும்பகுதி அகன்ற மண் சாலை என்பதால் அவருக்கு அது பொருந்தியது. மறுபக்கம், கிராவல் பந்தயங்களில் இரண்டு இஞ்சுக்கு மேல் தடித்த எம்டிபி டயர் போட்டு வருகிறார்கள். பெயரை வைத்துப் பிரித்தால் கை நழுவிக்கொண்டே போகும். சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயத்தில் உலகச் சைக்கிள் சங்கம் டயரை 33 மில்லிமீட்டருக்கு மேல் விடுவதில்லை. அளவு போட்டுச் சொல்கிற விதி அது, வாசலிலேயே அளந்துவிடலாம். அந்த மாதிரிதான் எங்களுக்கும் வேண்டும்.

அதனால் இப்படி முடிவு செய்தோம். எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் பந்தயத்தில் ஆட்டுக்கொம்பு ஹேண்டில் கிடையாது. இது நியாயத்துக்காகப் போட்ட விதி அல்ல. மாட்டிக்கொள்கிற அந்த வாய்க்காக. குறுகலில் முந்தும்போது அது ஓட்டுகிறவருக்கும் ஆபத்து, முந்துகிறவருக்கும் ஆபத்து. டயர் குறைந்தது 40 மில்லிமீட்டர். அடுத்த நாள் காலை, ஒரு நிமிட இடைவெளியில் ஒருவர் ஒருவராகக் கிளம்பும் நேரப் பந்தயம். அதில் எந்த ஹேண்டிலும் வரலாம், ஒரே பட்டியல், ஒரே பரிசு. தடத்தில் வேகமானவர் யார் என்று அங்கே தெரியும். வாத்தியார் முதல் விதிக்கு இன்றும் எதிர்ப்பு. முந்த இடம் வெட்டினால் போதும், ஹேண்டிலை ஏன் தொட வேண்டும் என்கிறார். அவர் சொல்வதில் பாதியை எடுத்துக்கொண்டேன். காட்டுப் பாதையில் மூன்று இடத்தில் ஆளுக்கு ஆள் விலகும் அகலம் வெட்டியாகிவிட்டது. நுழைவாயிலையும் மாற்றினேன், இப்போது 700 மீட்டர் நீளமுள்ள செங்குத்தான ஏற்றம் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடும், அங்கே குனிந்து ஓட்டிக் காற்றில் மிச்சம் பிடிக்க முடியாது. கால் பலம் உள்ளவர் முதலில் நுழைவார்.

பதிவு தொடங்கிய அன்று இரவே தம்பி அழைத்தான்.

“அங்கள், கொம்பக் கழட்டிட்டு நேர் ஹேண்டில் போட்டா சனிக்கிழமை ரேஸுக்கு வரலாமா?”

“வரலாம். டயர் 45தானே, பிரச்சினையில்ல.”

ஹேண்டில் மட்டும் மாற்றினால் தீராது என்றும் சொன்னேன். ஆட்டுக்கொம்பின் குழாய் விட்டம் 23.8 மில்லிமீட்டர், நேர் ஹேண்டிலின் விட்டம் 22.2. பிரேக் பிடியும் கியர் பிடியும் ஏறாது, அவற்றையும் மாற்ற வேண்டும். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமில்லை. பிறகு பழைய பிடி எங்கே கிடைக்கும் என்று கேட்டான். பட்டறைக்காரர் எண்ணைக் கொடுத்தேன். அவரிடம் ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது. விலை பேசினார்களா, சும்மா கொடுத்தாரா, இருவருமே சொல்லவில்லை.